பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே: மேரி லிங்கனைப் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், ஆபிரகாம் லிங்கனின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டிருந்த ஒருவருக்குப் பதில் எழுதும்போது, ‘அவருடைய மனைவி மேரி தம் கடைசிக் காலத்தை மனநல விடுதியில் கழித்தார்’ என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்காக வந்த கடிதங்களே இம்முறை மேசையை நிறைத்துவிட்டன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அந்த அம்மையாருக்கே ஒதுக்கியிருக்கிறேன். வேறு கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: மேரி லிங்கன் இறந்தது விடுதியில் அல்ல, சொந்தத் தமக்கையின் வீட்டில் என்று படித்திருக்கிறேன். எது சரி? (மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்)

பதில்: நீங்கள் படித்ததே சரி. நான் எழுதியது பிழை, நெடுநாளாகப் பலரும் சொல்லிவரும் பிழை என்பதால் மன்னிக்கத்தக்கதும் அல்ல. மேரி விடுதியில் இருந்தது 1875ஆம் ஆண்டில், மே 20 முதல் செப்டம்பர் 10 வரை, நான்கு மாதம்கூட நிறையவில்லை. அதன் பிறகு அவர் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் வாழ்ந்தார். அவற்றில் நான்கு ஆண்டுகள் பிரான்ஸில் தனியாகக் குடியிருந்து, தம் வரவு செலவைத் தாமே பார்த்துக்கொண்டார். 1882 ஜூலை 16 அன்று, இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், மூத்த தமக்கை எலிசபெத் எட்வர்ட்ஸின் வீட்டில் உயிர் பிரிந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் மணப்பெண்ணாக நின்றதும் இதே தமக்கையின் வீட்டில்தான்.

கேள்வி: லிங்கன் மரக்குடிசையில் பிறந்தவர் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்துவிட்டோம். மனைவியும் ஏழை வீட்டுப் பெண்தானா? அவருடைய பிறந்த வீட்டைப் பற்றி விரிவாக எழுதுங்கள். (தஞ்சாவூர் வாசகி)

பதில்: ஏழை வீடா! கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் டாட் குடும்பம் என்றால், நம் ஊர்ப் பெரிய பண்ணையார் வீடு போல. மேரியின் பாட்டனார் லீவை டாட், அந்த ஊர் காடாக இருந்த காலத்தில் வந்து குடியேறியவர்களில் ஒருவர். 1782இல் புளூ லிக்ஸ் என்னும் இடத்தில் நடந்த சண்டையில் அவர் உயிர் தப்பினார், அவருடைய சகோதரர் ஜான் டாட் களத்திலேயே மடிந்தார். தந்தை ராபர்ட் ஸ்மித் டாட் வழக்கறிஞர் படிப்புப் படித்தவர், வணிகர், வங்கி நிருவாகி, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். நாடறிந்த அரசியல்வாதி ஹென்றி கிளே இவர்களுக்கு அண்டை வீட்டுக்காரர் போன்ற நண்பர். வீட்டு வேலை முழுவதும் அடிமைகளின் கையில் இருந்தது. அடிமை வாணிபம் நடந்த சந்தைத் திடலும் அதே ஊரில்தான் இருந்தது. அடிமைத் தளையை அறுத்தவர் என்று உலகம் கொண்டாடும் மனிதரின் மனைவி, அடிமைகளின் மடியில் வளர்ந்தவர் என்பதை மறந்துவிட்டு அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியாது.

மேரி 1818 டிசம்பர் 13 அன்று நான்காவது குழந்தையாகப் பிறந்தார். முதலில் மேரி ஆன் என்று பெயர். பின்னால் பிறந்த தங்கைக்கு ஆன் என்று வைத்தபோது, இவர் பெயரில் பாதி பறிபோய் வெறும் மேரி ஆனார். தாய் எலிசா பார்க்கர், ஏழாவது பிள்ளை பிறந்த கையோடு 1825 ஜூலையில் இறந்தார். மேரிக்கு அப்போது ஆறு வயது. மறு ஆண்டே தந்தை, பெட்ஸி ஹம்ஃப்ரீஸ் என்னும் பெண்ணை இரண்டாந்தாரமாக மணந்தார். மூத்தாளுக்கு ஏழு, இளையாளுக்கு ஒன்பது என்று பதினாறு பிள்ளைகள். அவர்களில் இரண்டு சிசுவிலேயே போக, பதினான்கு பேர் வளர்ந்து ஆளானார்கள். மாற்றாந்தாய்க்கும் மூத்தாள் மக்களுக்கும் ஒத்துப்போகவில்லை. இப்படிப்பட்ட வீடுகளில் பிள்ளைகள் ஒவ்வொருவராக எப்படி வெளியேறுவார்களோ அப்படியே இங்கும் நடந்தது. மூத்த தமக்கை எலிசபெத், இல்லினாய் ஆளுநராக இருந்தவரின் மகன் நினியன் எட்வர்ட்ஸை மணந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனார். அடுத்தடுத்துத் தங்கையரும் அந்த வீட்டைத் தேடிப் போய் அங்கேயே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார்கள்.

மேரிக்குக் கிடைத்த ஒரே பெரும்பேறு படிப்பு. பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்த மென்டல் தம்பதியர் ஊருக்கு வெளியே நடத்திய விடுதிப் பள்ளியில் அவர் நான்கு ஆண்டுகள் படித்தார். பிரெஞ்சு சரளமாக வந்தது, நாடகத்தில் நடிப்பதிலும் பிறரைப் போலப் பேசிக்காட்டுவதிலும் கெட்டிக்காரி. வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருந்த பள்ளிக்கு, வாரம் முழுவதும் விடுதியிலேயே தங்கும்படி அவரை அனுப்பினார்கள் என்பதிலிருந்து, மாற்றாந்தாய் வீட்டின் நிலவரத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அக்காலத்துப் பெண்கள் பலருக்குக் கிடைக்காத அந்தப் பத்தாண்டுக்கு மேற்பட்ட கல்வியும், தந்தையின் விருந்து மேசையில் காதில் விழுந்த அரசியல் பேச்சும் சேர்ந்துதான், கூச்ச சுபாவமுள்ள ஒரு நெட்டை வழக்கறிஞரிடம் என்ன இருக்கிறது என்று கண்டுகொள்ளும் கண்ணை அவருக்குக் கொடுத்தன என்பது என் கருத்து.

சொத்து வழக்குக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நமக்கு நன்றாகப் பழகிய கதை. 1849இல் தந்தை காலராவில் இறந்தார். அவர் எழுதிய உயிலில் சாட்சிக் கையெழுத்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூத்தாளின் கடைசி மகன் ஜார்ஜ் அந்த உயில் செல்லாது என்று வழக்காடி வென்றான். சொத்து விற்கப்பட்டுப் பங்கு பிரிந்தது, மாற்றாந்தாயும் சின்னப் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த சகோதரிகளின் சார்பில் வழக்கைப் பார்க்க லெக்சிங்டனுக்குப் போன வழக்கறிஞர் யார் தெரியுமா? மாப்பிள்ளை லிங்கன்தான். டாட் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது இறுதியில் இரண்டு ‘டி’ வரும். ‘கடவுளுக்கே ஒரு டி போதும், டாட் குடும்பத்தாருக்கு மட்டும் இரண்டு வேண்டும்’ என்று அவர் மாமனார் வீட்டின் தோரணையைக் கிண்டல் செய்ததாகச் சொல்வார்கள்.

கேள்வி: லிங்கன் உண்மையில் காதலித்தது ஆன் ரட்லெட்ஜ் என்ற பெண்ணைத்தான், மேரியைக் கடமைக்காக மணந்தார் என்கிறார்களே? (சேலம் வாசகர்)

பதில்: அந்தக் கதையை ஊரறியச் செய்தவர் லிங்கனோடு சேர்ந்து வக்கீல் தொழில் செய்த வில்லியம் ஹெர்ண்டன். 1866இல், லிங்கன் இறந்து ஓராண்டு கழித்து, ஸ்பிரிங்ஃபீல்டு மேடையில் நின்று, லிங்கன் வாழ்நாளில் நேசித்த ஒரே பெண் ஆன்தான் என்று பேசினார். ஹெர்ண்டனுக்கும் மேரிக்கும் தொடக்கம் முதலே ஆகாது, மேரி அவரை வீட்டு விருந்துக்கு அழைத்ததே இல்லை என்பார்கள். ஆன் ரட்லெட்ஜ் என்னும் பெண் இருந்ததும், 1835இல் அவர் இறந்தபோது லிங்கன் நிலைகுலைந்ததும் உண்மையாக இருக்கலாம். அதைக் கொண்டு பின்னால் வந்த இருபத்திரண்டு ஆண்டு இல்லறத்தை இல்லையென்று ஆக்க முடியாது. 1841 தொடக்கத்தில் மேரியுடன் நிச்சயம் முறிந்தபோதும் லிங்கன் அதே போலத்தான் நிலைகுலைந்தார். 1842 நவம்பர் 4 அன்று அவர் மேரிக்கு அணிவித்த பொன் மோதிரத்தின் உட்புறத்தில் ‘அன்பு அழியாதது’ என்று பொறித்திருந்தது. மாடமாளிகையில் வளர்ந்த பெண், வாரம் நான்கு டாலர் வாடகைக்கு ஒரு சத்திரத்து அறையில் குடித்தனம் தொடங்கினார்.

கேள்வி: உள்நாட்டுப் போரில் மேரியின் உடன்பிறந்தவர்களே லிங்கனின் படைக்கு எதிராகப் போரிட்டார்களாமே? அப்படியானால் அந்த அம்மையார் எந்தப் பக்கம்? (திருச்சி கல்லூரி மாணவி)

பதில்: அவர் கணவர் பக்கம், ஐயமே இல்லை. ஆனால் அதற்கு அவர் விலை கொடுக்க வேண்டியிருந்தது: வடக்கு அவரை நம்பவில்லை, தெற்கு அவரை மன்னிக்கவில்லை.

கென்டக்கி அடிமை முறை இருந்த மாநிலம் என்றாலும் ஒன்றியத்தை விட்டுப் பிரியவில்லை. ஆனால் டாட் வீட்டு இளையாள் மக்களில் பெரும்பாலோர், அடிமை முறையைக் காக்க ஒன்றியத்தை விட்டுப் பிரிந்த மாநிலங்களின் தெற்குக் கூட்டமைப்பின் பக்கம் நின்றார்கள். மூத்தாள் மகனான ஜார்ஜும் அங்கே படை மருத்துவராகப் போனார். இளையாள் மக்களில் சாமுவேல் 1862 ஏப்ரலில் ஷைலோ போரில் விழுந்தார். மேரி கைக்குழந்தையாகத் தூக்கி வைத்துக் கொஞ்சிய கடைக்குட்டித் தம்பி அலெக்சாண்டர், அதே ஆண்டு ஆகஸ்டில் பேட்டன் ரூஜ் அருகே சொந்தப் படையினரின் குண்டுக்கே தவறுதலாகப் பலியானார். விக்ஸ்பர்க்கில் காயம்பட்ட டேவிட், போர் முடிந்து சில ஆண்டுகளில் இறந்துபோனார். இத்தனைக்கும் மேரியால் வாய்விட்டு அழ முடியவில்லை. குடியரசுத் தலைவரின் மனைவி எதிரிப் படைவீரனுக்காகக் கண்ணீர் விட்டால் மறுநாள் நாளிதழில் அதுவே செய்தி. போதாததற்கு அந்த ஆண்டு பிப்ரவரியில்தான், பதினோரு வயது மகன் வில்லி வெள்ளை மாளிகையிலேயே டைஃபாய்டு காய்ச்சலில் இறந்திருந்தான். ஒரே ஆண்டில் மகனுக்காக உடுத்திய கறுப்புடை, தம்பிகளுக்காகவும் இருந்திருக்கக் கூடும். அதை யாரிடமும் சொல்லத்தான் முடியவில்லை.

மேரிக்கு மிகப் பிடித்த தங்கை எமிலி. அவர் இளையாளின் மகள், மேரியைவிடப் பதினெட்டு வயது இளையவர். எமிலியின் கணவர் பெஞ்சமின் ஹார்டின் ஹெல்ம், ராணுவக் கல்லூரியில் பயின்றவர். போர் தொடங்கிய வேளையில் லிங்கன் அவரை வரவழைத்து, ஒன்றியப் படையின் சம்பளப் பட்டுவாடா அதிகாரியாக, களத்துக்கே போக வேண்டாத உயர் பதவி ஒன்றை நீட்டினார். மைத்துனியின் வாழ்வைக் காப்பாற்ற மனிதர் எண்ணியது வெளிப்படை. ஹெல்ம் மறுத்துவிட்டுத் தெற்குப் படையில் சேர்ந்து, தளபதியாகி, 1863 செப்டம்பரில் சிக்கமாகா போரில் இறந்தார்.

கைம்பெண்ணான எமிலி அவ்வாண்டு இறுதியில் பிள்ளையோடு கென்டக்கிக்குத் திரும்ப முயன்றபோது, ஒன்றியத்துக்கு விசுவாச உறுதிமொழி எடுத்தால்தான் விடுவோம் என்று கோட்டையில் தடுத்தார்கள். இறந்த கணவருக்கு அது துரோகம் என்று எமிலி மறுத்தார். என்ன செய்வது என்று தந்தி வந்ததும் லிங்கன், அவரை என்னிடம் அனுப்புங்கள் என்று பதில் கொடுத்தார். இப்படித்தான் எதிரித் தளபதியின் மனைவி வெள்ளை மாளிகைக்கு விருந்தாளியாக வந்தார். சகோதரிகள் இருவரும் போரைப் பற்றி மட்டும் பேசாமல் மற்றதெல்லாம் பேசிக்கொண்டார்கள். குழந்தைகளுக்கு அந்த நாசூக்கு எப்படித் தெரியும்? லிங்கனின் கடைக்குட்டி மகன் டாட் (இது அவன் செல்லப்பெயர், தாய்வீட்டுப் பெயர் அல்ல), தந்தையின் படத்தைக் காட்டி ‘இவர்தான் குடியரசுத் தலைவர்’ என்றான். எமிலியின் மகள் கேத்தரின், இல்லை, ஜெஃபர்சன் டேவிஸ்தான் என்று தெற்கின் தலைவர் பெயரைச் சொல்லிச் சாதித்தாள். சண்டை முற்றி இருவரும் லிங்கனிடமே தீர்ப்புக்குப் போனார்கள். அவர் ஆளுக்கொரு மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, உன் தலைவர் யார் என்பது உனக்குத் தெரியும், இவளுக்கு நான் பெரியப்பா, அது போதும் என்ற பொருளில் சமாதானம் சொன்னார். கேத்தரின் வளர்ந்த பின் எழுதிவைத்த குடும்பச் செய்தி இது.

ஆனால் உறவு நிலைக்கவில்லை. எமிலி வந்து தங்கியதை அறிந்த ஒன்றியத் தளபதி ஒருவர், கிளர்ச்சிக்காரியை வீட்டில் வைத்திருக்கலாமா என்று லிங்கனிடமே சீறினார். அடுத்த ஆண்டு எமிலி, தங்கள் குடும்பத்தின் அழிவுக்கு உங்கள் துப்பாக்கிக் குண்டுகளே காரணம் என்று கசந்து லிங்கனுக்கு ஒரு கடிதம் எழுத, அத்தோடு தமக்கை தங்கை உறவு அறுந்தது. எமிலி 1930 வரை வாழ்ந்தார். மேரியோடு மீண்டும் ஒட்டவில்லை.

மேரி ஒற்றர் என்று நாடாளுமன்றக் குழு விசாரித்ததாகவும், லிங்கன் தனியாக அங்கே தோன்றி, என் வீட்டில் துரோகி எவருமில்லை என்று சத்தியம் செய்ததாகவும் ஓர் உருக்கமான கதை உலவுகிறது. மாணவி கட்டுரை எழுதுவதாகச் சொல்லியிருப்பதால் எச்சரிக்கிறேன், அதற்கு ஆதாரம் கிடையாது.

கேள்வி: அரசுப் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்தவர் என்று அவரைச் சொல்வது உண்மையா? (கோவை வாசகர்)

பதில்: உண்மைதான், மழுப்ப வேண்டியதில்லை. வெள்ளை மாளிகையைப் புதுப்பிக்க நான்காண்டுக்கென நாடாளுமன்றம் ஒதுக்கிய 20,000 டாலரை அவர் ஓராண்டுக்குள் செலவழித்து, அதற்கு மேலும் ஆறாயிரத்துச் சொச்சம் கடன் வைத்தார். போர்வீரனுக்குக் கம்பளி இல்லாத வேளையில் திரைச்சீலையா என்று லிங்கன் கொதித்தார். உடைகளுக்காகக் கணவருக்குத் தெரியாமல் வைத்த கடன் வேறு. ஆனால் மேற்கத்தி நாட்டுப்புறத்தாள் என்று தம்மை இளப்பமாகப் பார்த்த வாஷிங்டன் சீமாட்டிகளின் நடுவில் தலைநிமிர அவருக்குத் தெரிந்த வழி அதுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த உடைகளைத் தைத்த எலிசபெத் கெக்லியைப் பற்றித் தனியாகவே ஒரு கேள்வி வரட்டும் என்று காத்திருக்கிறேன். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, 1855இல் 1,200 டாலர் கொடுத்துத் தமக்கும் தம் மகனுக்கும் விடுதலை வாங்கிய தையற்கலைஞர் அவர். வில்லி இறந்தபோதும், லிங்கன் சுடப்பட்ட பின்பும் மேரியின் அருகில் இருந்தவர். 1867இல், கடன் தொல்லை தாங்காமல் மேரி தம் பழைய உடைகளை நியூயார்க்கில் விற்கக் கிளம்பினார். திருமதி கிளார்க் என்று பொய்ப்பெயரில் விடுதியில் தங்கினார், துணைக்கு வந்தவர் கெக்லி. யாரென்று தெரிந்துவிட்டது. நாளிதழ்கள் நார்நாராகக் கிழித்தன, கூட்டம் வந்து உடைகளைத் தொட்டுப் பார்த்ததே தவிர வாங்க ஆளில்லை. மறு ஆண்டு கெக்லி வெளியிட்ட நினைவு நூலில் மேரியின் அந்தரங்கக் கடிதங்களும் அச்சாகிவிட்டன. மேரி அவரை அதன்பின் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கெக்லியோ, தோழியின் பெயரைக் காக்கவே எழுதினேன் என்று சொல்லியிருந்தார். இருவரில் ஒருவரையும் என்னால் குற்றவாளியாக்க முடியவில்லை.

கணவர் இறந்து ஐந்து ஆண்டுகள் போராடிய பின்புதான், 1870இல், ஆண்டுக்கு 3,000 டாலர் ஓய்வூதியம் அவருக்குக் கிடைத்தது. போரில் இறந்த படைத்தலைவனின் மனைவிக்கு உண்டென்றால், சுடப்பட்டு இறந்த முப்படைத் தலைவனின் மனைவிக்கு ஏன் இல்லை என்பதே அவருடைய வாதம். அதில் பிழை காண எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: பெற்ற மகனே தாயைப் பைத்தியம் என்று நீதிமன்றத்தில் நிறுத்தினானா? நெஞ்சு பொறுக்கவில்லை. என்னதான் நடந்தது? (யாழ்ப்பாண வாசகி)

பதில்: நிறுத்தினார், அழுதுகொண்டே நிறுத்தினார். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நான்கு ஆண் பிள்ளைகளில் எட்வர்டு நான்கு வயது நிறையுமுன் 1850இல் போனான், வில்லி 1862இல். கணவர் 1865 ஏப்ரல் 14 அன்று, நாடக அரங்கில், அவர் கையைப் பற்றிக்கொண்டு இருக்கையில் சுடப்பட்டார். ஐரோப்பாவுக்கு உடன் அழைத்துப்போய்ப் படிக்கவைத்த டாட், நாடு திரும்பிய சில வாரங்களில், 1871 ஜூலை 15 அன்று பதினெட்டு வயதில் இறந்தான். எஞ்சியவர் மூத்த மகன் ராபர்ட் ஒருவரே, சிகாகோவில் வழக்கறிஞர். இத்தனை சாவு கண்ட தாய், இறந்தவர்களோடு பேசவைக்கிறோம் என்ற ஆவி ஊடகர்களை நாடியதில் வியப்பில்லை. அக்காலத்து அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு அதுதான் பேச்சு. 1872இல் ஒரு புகைப்படக்காரர், மேரியின் தோளில் லிங்கனின் ஆவி கைவைத்து நிற்பது போல ஒரு படமே எடுத்துக் கொடுத்தார்.

1875 மார்ச்சில் ஃபுளோரிடாவில் இருந்த மேரிக்கு, மகன் சாகக் கிடக்கிறான் என்ற எண்ணம் திடீரெனப் பற்றிக்கொண்டது. தந்திமேல் தந்தி அடித்துவிட்டுச் சிகாகோ ஓடி வந்தார். மகன் நலமாக இருந்தார். தாயின் போக்கைக் கண்டு அஞ்சியவர் மகன்தான். ஓட்டல் அறையில் சுவருக்குள் குரல் கேட்கிறது என்பதும், தேவையில்லாத திரைச்சீலைகளையும் கைக்கடிகாரங்களையும் வாங்கிக் குவிப்பதும், உள்ளாடைக்குள் பெருந்தொகைக்கான கடன் பத்திரங்களைத் தைத்து வைத்துக்கொண்டு நடமாடுவதும் ராபர்ட்டைக் கலக்கின. துப்பறியும் ஆட்களை வைத்துத் தாயைக் கண்காணித்தார்.

மே 19 அன்று, லிங்கனின் பழைய நண்பரான வழக்கறிஞர் லெனர்டு ஸ்வெட் ஓட்டல் அறைக் கதவைத் தட்டினார். கடைக்காரர் பொருள் கொண்டுவந்திருக்கிறார் என்று எண்ணிக் கதவைத் திறந்த மேரிக்கு, அப்போதே நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்ற செய்தி காத்திருந்தது. கைவிலங்கு இல்லாமல் மரியாதையாக வருகிறீர்களா, காவலர் துணையோடு வருகிறீர்களா என்பதுதான் அவருக்கு விடப்பட்ட தெரிவு. சாட்சி தேட ஒரு மணி நேரம்கூட இல்லை. அவருக்காக வாதாட வந்த ஐசக் அர்னால்டும் எதிர்த்தரப்பார் ஏற்பாடு செய்தவர்தான். இந்தப் பொறுப்பு தமக்கு வேண்டாம் என்று அவரே தயங்கியபோது, நீங்கள் விலகினால் உண்மையிலேயே போராடும் வக்கீல் யாரையாவது இந்த அம்மாள் பிடித்துவிடுவார் என்ற பொருளில் ஸ்வெட் அதட்டினார். இதை ஸ்வெட்டே பிறகு ஒரு கடிதத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பதினேழு சாட்சிகள் பேசினார்கள், ஓட்டல் பணியாளர்கள், கடைக்காரர்கள், மருத்துவர்கள். கருத்துச் சொன்ன மருத்துவர்களில் பெரும்பாலோர் மேரியைப் பரிசோதித்தவர்கள் அல்லர். அர்னால்டு ஒரு சாட்சியையும் அழைக்கவில்லை. மூன்று மணி நேரத்தில் விசாரணை முடிந்து, ஜூரிகள் சில நிமிடங்களில் ‘சித்தம் கலங்கியவர்’ என்று தீர்ப்பளித்தார்கள். அன்று மாலையே உடலோடு தைத்திருந்த கடன் பத்திரங்களை, ஏறத்தாழ 56,000 டாலர் மதிப்புள்ளவற்றை, அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு விசித்திரம். இல்லினாயில் இதற்கு முன்பெல்லாம் ஒரு கணவன் நினைத்தால், விசாரணையே இல்லாமல் மனைவியை மனநோய் விடுதிக்கு அனுப்பிவிடலாம். அப்படி 1860இல் கணவரால், மத விஷயத்தில் மாறுபட்டுப் பேசிய குற்றத்துக்காக, மூன்று ஆண்டுகள் அடைக்கப்பட்ட எலிசபெத் பேக்கர்டு என்னும் பெண், வெளியே வந்து ஓயாமல் போராடி, 1867இல் ஜூரி விசாரணை கட்டாயம் என்று சட்டம் கொண்டுவரச் செய்தார். பெண்களைக் காக்க ஒரு பெண் வாங்கித் தந்த அந்தச் சட்டத்தினால்தான், மேரியின் மானம் ஊர் நடுவே, நிருபர்கள் நிறைந்த மன்றத்தில் போயிற்று.

மீட்டவரும் ஒரு பெண்தான். மைரா பிராட்வெல் சட்டம் படித்துத் தேறியும், மணமான பெண் என்பதால் வழக்கறிஞராக அனுமதிக்க முடியாது என்று மாநில நீதிமன்றமும், 1873இல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்ட பெண். பேட்டேவியா என்னும் ஊரில் டாக்டர் பேட்டர்சன் நடத்திய தனியார் விடுதியில் மேரி இருந்தார். தனி அறை, தோட்டம், உலாவ வண்டி எல்லாம் இருந்தன, ஆனால் கதவின் சாவி அவரிடம் இல்லை. அங்கிருந்து அவர் அனுப்பிய கடிதம் கண்டு மைராவும் அவர் கணவரும் வந்து பார்த்தார்கள். நாளிதழ் நிருபரை உள்ளே அழைத்துப்போனார்கள், டாக்டருக்குத் தலைவலியானார்கள். தமக்கை எலிசபெத்தும் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று இசைந்தார். செப்டம்பரில் மேரி வெளியே வந்தார். 1876 ஜூன் 15 அன்று வேறொரு ஜூரி, இவர் சித்தம் தெளிந்தவர், தம் சொத்தைத் தாமே ஆளலாம் என்று தீர்ப்பளித்தது.

கேள்வி: ராபர்ட் சொத்துக்காகச் செய்தாரா? (அதே யாழ்ப்பாண வாசகியும், சென்னையிலிருந்து மூவரும்)

பதில்: இல்லை என்றே நான் கருதுகிறேன். தாயின் சொத்தை நிருவகித்த ஓராண்டுக்கும் அவர் ஒழுங்காகக் கணக்கு வைத்து, தீர்ப்பு வந்ததும் முழுவதையும் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு இருந்தது பண ஆசை அல்ல, மானத்தைப் பற்றிய அச்சம். தந்தையின் காகிதங்களையே, தாம் இறந்து இருபத்தொரு ஆண்டு கழித்துத்தான் திறக்க வேண்டும் என்று பூட்டி, நாடாளுமன்ற நூலகத்தில் ஒப்படைத்த மனிதர் அவர். அவை 1947 ஜூலையில்தான் திறக்கப்பட்டன. தாய் ஊர் வாயில் விழுவதைத் தடுக்க நினைத்து, நாடே பார்க்க விழும்படி செய்துவிட்டார். மேரிக்கு நோய் ஏதும் இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். சுவருக்குள் கேட்ட குரல் பொய் அல்ல. ஆனால் நோயாளிக்கு வேண்டியது மருத்துவர். சாட்சிக்கூண்டில் ஏறிய மகன் அல்ல.

தாய் அவரை மன்னிக்கவில்லை. கொடிய வசைகளோடு ஒரு கடிதம் எழுதி, தாம் முன்பு பரிசாகக் கொடுத்த பொருள்களையெல்லாம் பட்டியலிட்டுத் திருப்பிக் கேட்டார். பிறகு பிரான்ஸின் பிரனீஸ் மலையடிவாரத்தில் ‘போ’ என்னும் ஊருக்குப் போய் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கிருந்து ஸ்பிரிங்ஃபீல்டின் வங்கியாளர் ஜேக்கப் பன் என்பவருக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. ஓய்வூதியம் வந்த நாள், வட்டி, நாணய மாற்று என்று காசு பிசகாமல் கணக்குப் பேசும் கடிதங்கள் அவை. பண விவகாரத்தில் தகுதியற்றவர் என்று ஜூரி சொன்னது இந்த அம்மையாரைத்தான்.

1879 இறுதியில் படம் மாட்ட ஏணியில் ஏறி விழுந்து முதுகில் அடிபட்டது. மறு ஆண்டு கப்பலில் திரும்பும்போது, அலையில் படிக்கட்டில் உருளவிருந்தவரை ஒரு பெண் பாய்ந்து பிடித்தார். அவர் பிரெஞ்சு நாடக நடிகை சாரா பெர்னார்ட். கப்பல் துறைமுகத்தை அடைந்தபோது நிருபர்கள் சூழ்ந்தது நடிகையைத்தான். ராபர்ட் அப்போதைய படைத்துறை அமைச்சராக 1881இல் ஸ்பிரிங்ஃபீல்டு வந்து, தம் மகளோடு பாட்டியைப் பார்த்தார். அந்தப் பேத்தியின் பெயரும் மேரி. ஓரளவு பிணக்கு தீர்ந்தது.

கேள்வி: லிங்கன் வம்சத்தார் இன்று எங்கே இருக்கிறார்கள்? (புதுச்சேரி வாசகர்)

பதில்: எவரும் இல்லை. ராபர்ட்டுக்கு இரண்டு பெண், ஒரு பையன். பாட்டனாரின் பெயர் சூட்டப்பட்ட அந்தப் பையன் 1890இல் பதினாறு வயதில் இறந்தான். பெண் வழியில் மூன்று பேரப்பிள்ளைகள், மூவருக்கும் சந்ததி இல்லை. கடைசியானவர் ராபர்ட் டாட் லிங்கன் பெக்வித், 1985 டிசம்பர் 24 அன்று இறந்தார். 1975இல், தாய்வழிப் பாட்டனார் ராபர்ட் வெர்மான்ட் மாநிலத்தில் கட்டிய வீட்டில், பூட்டிவைக்கப்பட்ட ஒரு காகிதக் கட்டு அவர் கைக்கு வந்தது. சரியாக நூறு ஆண்டுக்கு முந்தைய வழக்கின் கடிதங்களும் ரசீதுகளும் அதில் இருந்தன. பல காகிதங்களை எரித்தவர் என்று பெயரெடுத்த ராபர்ட், இதை மட்டும் எரிக்காமல் வைத்திருந்தார்.

ஸ்பிரிங்ஃபீல்டு கல்லறை மண்டபத்தில் லிங்கனும் மேரியும், எட்வர்டு, வில்லி, டாட் மூவரும் இருக்கிறார்கள். 1926இல் இறந்த ராபர்ட்டுக்கும் அங்கே இடம் இருந்தது. அவருடைய மனைவி, தனிப்பெயர் பெற்ற மனிதர் தனியே இருக்கட்டும் என்று எண்ணி, அவரை வாஷிங்டன் அருகே ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அடக்கம் செய்வித்தார்.